போனைத் தரையில் வையுங்கள், கையை நெஞ்சில் வையுங்கள்

திருகோணமலையில் முதலுதவி வகுப்பு எடுக்கிறேன். ஒருவருக்குத் திடீரென்று இதயம் நின்றுவிட்டால், பக்கத்தில் நிற்பவருக்குக் கையிலுள்ள போன் எப்படி உதவும் என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, வெளிநாட்டில் யாராவது விழுந்தால் அருகில் இருப்பவர்களின் போனுக்கே தகவல் போகுமாமே?

போகும் தம்பி. சிபிஆர், அதாவது இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்திக் கொடுக்கும் முதலுதவி, பழகியவர்கள் முன்கூட்டியே பெயர் பதிந்திருப்பார்கள். அவசர அழைப்பு வந்ததும் கிட்ட நிற்பவர்களைத் தேடி அவர்களின் போனுக்குச் செய்தி அனுப்புவார்கள். ஸ்டொக்ஹோமில் 500 மீற்றர் சுற்றளவு வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. தொண்டர்களுக்குத் தகவல் போன சம்பவங்களில் 62 சதவீதத்திலும், போகாதவற்றில் 48 சதவீதத்திலும் அம்புலன்ஸ் வருமுன்பே யாரோ சிபிஆர் தொடங்கியிருந்தார்கள். உயிர் பிழைத்தோர் தொகையில் தெளிவான வித்தியாசத்தை அந்த ஆய்வு காட்டவில்லை, அதையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரிலும் 2015 முதல் இப்படி ஒரு செயலி இருக்கிறது.

கின்னியாவிலிருந்து ஒரு சகோதரி: மயக்கமா, இதயம் நின்றதா என்று எப்படித் தெரியும்?

தோளில் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லை, மூச்சு வழமைபோல் இல்லை என்றால் நின்றுவிட்டதாகவே எடுங்கள். ஒன்றில் கவனம் தங்கச்சி: சிலருக்கு வாய் திறந்து, கரையில் போட்ட மீன்போல இடையிடையே ஒரு இழுப்பு வரும். "மூச்சு இருக்கு, பயமில்லை" என்று சுற்றி நிற்பவர்கள் சொல்வார்கள். அது மூச்சில்லை. அப்போதே தொடங்க வேண்டும்.

மூதூர் ஐயா ஒருவர்: ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது விரைவில்லையா?

இந்தக் கேள்விக்காகவே நான் வகுப்பு எடுக்கிறேன் ஐயா. ஓட்டோவின் பின்சீற்றில் ஆளை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு நெஞ்சை அழுத்த முடியாது. முதுகுக்குக் கீழே உறுதியான தரை வேண்டும். ஒன்றும் செய்யாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும். விழுந்த இடத்திலேயே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள், காசில்லை. ஸ்பீக்கரைப் போட்டு அவர் தலைமாட்டில் வையுங்கள். இப்போது இரண்டு கையும் உங்களுக்குக் கிடைத்துவிட்டது. நெஞ்சு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன்மேல் மற்றக் கை, முழங்கை மடியாமல் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுதாக மேலே வரட்டும். இன்னொருவர் நின்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், கை சோர்ந்துவிடும்.

அதே ஐயா: விலா எலும்பு உடைந்தால்?

உடையலாம். எலும்பு பொருந்தும் ஐயா. நிறுத்த வேண்டாம்.

ஓர்ஸ்ஹில் மாணவி: வேகம் பிடிபடவில்லை அண்ணா.

நிமிடத்துக்கு 100 முதல் 120. மெட்ரோனோம் என்று, ஒரே சீராக டிக் டிக் போடும் செயலி ஒன்றை இறக்கி 110இல் வைத்து, வீட்டில் தலையணையில் பழகுங்கள். என் வகுப்பில் எல்லோரும் முதலில் மெதுவாகத்தான் அழுத்துவார்கள். டிக் டிக் சத்தம் கேட்டதும் இரண்டே நிமிடத்தில் சரியாகிவிடும். ஆனால் உண்மையில் ஒருவர் விழும்போது செயலி தேடி நிற்காதீர்கள், வாய்விட்டு எண்ணினால் போதும்.

நிலாவெளியிலிருந்து ஒருவர்: எங்கள் ஒழுங்கைக்குப் பெயரே இல்லை. அம்புலன்ஸுக்கு எப்படி வழி சொல்வது?

கோயில், பள்ளிவாசல், பாடசாலை, எது பெரிதோ அதைச் சொல்லுங்கள். 1990 சேவைக்கும் ஒரு செயலி உண்டு, நீங்கள் நிற்கும் இடம் அதன் வழியே அவர்களுக்குப் போகும். இன்றே இறக்கிப் பதிந்து வையுங்கள். அப்புறம், சின்னவன் ஒருவனை போன் வெளிச்சத்தோடு பிரதான வீதிக்கு அனுப்பி நிற்க வையுங்கள்.