‘இதுல நம்ம ஆள் யாரு?’ – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

உள்ளூர் அருங்காட்சியகங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பள்ளி விடுமுறையில் என் மகளையும் மகனையும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனேன். மகள் ஒன்பதாவது, மகன் ஆறாவது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நாற்பது நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். வாள், துப்பாக்கி, நாணயம், பீங்கான் தட்டு, கவர்னர்களின் படம் எல்லாவற்றையும் பார்த்தோம். ஆனால் எதுவும் மனதில் நிற்கவில்லை. மகள் பாதியிலேயே போனை எடுத்துவிட்டாள். மகன் மட்டும் ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் நின்று, “அப்பா, இதுல நம்ம ஆள் யாரு?” என்று கேட்டுக்கொண்டே வந்தான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இதற்கு முன் வேறொரு ஊரில் ஒரு சிறிய அருங்காட்சியகத்துக்கும் போயிருக்கிறோம். அங்கே பாதிப் பெட்டிகளில் எழுத்து மங்கிப்போயிருந்தது. இதையெல்லாம் இன்று யூடியூபில் பத்து நிமிடத்தில் அழகாகச் சொல்லிவிடுகிறார்கள். பிறகு எதற்கு மூன்று பேர் ரயிலேறிப் போகவேண்டும்? கிண்டலாகக் கேட்கவில்லை. அடுத்து எங்கே போகலாம் என்பதையும் சொல்லுங்கள்.

கே., குரோம்பேட்டை

அன்புள்ள கே.,

நாற்பது நிமிடம் ஒன்றும் மோசமில்லை. நான் முதல்முறை அங்கே போனது கல்லூரி நாட்களில், ஒரு மே மாதம், வெயிலுக்கு ஒதுங்க. கூட வந்த நண்பனுக்கு மாடியில் மின்விசிறி எங்கே இருக்கிறது என்பதுதான் ஒரே கவலை. அரை மணியில் கிளம்பிவிட்டோம்.

நான் எழுதியதிலும் தவறு இருக்கிறது. என்னென்ன இருக்கின்றன என்று மளிகைச் சீட்டு மாதிரி அடுக்கியிருந்தேன். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போனால் ஒவ்வொன்றாக டிக் அடித்துவிட்டுத் திரும்பத்தான் தோன்றும். உங்கள் மகன் கேட்டது அதைவிட எவ்வளவோ மேல். அவன் கேள்வியையே பிடித்துக்கொண்டு பேசலாம்.

அங்கே கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் பெரிய பளிங்குச் சிலை இருக்கிறதே, கண்ணில் படாமல் போயிருக்காது. தாமஸ் பேங்க்ஸ் என்ற லண்டன் சிற்பி செய்தது. 1781-இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்து அமெரிக்காவைக் கோட்டைவிட்ட அதே காரன்வாலிஸ்தான். பதினோரு வருடம் கழித்து ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை மண்டியிட வைத்ததற்காக மெட்ராஸ் வெள்ளைக்காரர்கள் அவருக்கு எடுத்த சிலை இது. பல இடம் மாறி மாறிக் கடைசியில் இங்கே வந்து ஒண்டிக்கொண்டது. எல்லோரும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நானும் இரண்டு மூன்று தடவை அப்படித்தான் நகர்ந்தேன். பார்க்கவேண்டியது கீழே, பீடத்தில்.

பீடத்தில் ஒரு புடைப்புச் சிற்பம். இரண்டு சிறுவர்களை ஒப்படைக்கிறார்கள். திப்புவின் பிள்ளைகள், அப்துல் காலிக், முயிசுத்தீன். பெரியவனுக்குப் பத்து வயதிருக்கும், சின்னவனுக்கு எட்டு. 1792 உடன்படிக்கைப்படி திப்பு பாதி ராஜ்ஜியத்தைக் கொடுக்கவேண்டும், 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம் கட்டவேண்டும், கட்டி முடிக்கும்வரை இரண்டு பிள்ளைகளைப் பிணையாக விடவேண்டும். பிள்ளைகளை மெட்ராஸுக்குக் கொண்டுவந்தார்கள். திரும்பத் தகப்பனிடம் போய்ச் சேர்ந்தது 1794-இல். அந்தக் காலத்து இங்கிலாந்து ஓவியர்கள் விழுந்து விழுந்து வரைந்த காட்சி இது. கனிவான ஒரு பெரிய மனிதர் கைநீட்டிப் பிள்ளைகளை ஏற்றுக்கொள்கிற தோரணை. கடனுக்குப் பிள்ளையை அடகு வாங்கியதைத்தான் இவ்வளவு நேர்த்தியாகப் பளிங்கில் செதுக்கியிருக்கிறார்கள் என்பது, கதை தெரியாமல் பார்த்தால் புரியவே புரியாது.

ஆறாவது படிக்கிற பையனை அந்தப் பீடத்தின் முன்னால் நிறுத்தி, இதில் இருக்கிறவனுக்கு உன்னைவிடச் சின்ன வயது என்று சொல்லிப் பாருங்கள்.

இந்தக் கதை கோட்டைக்குள் முடிவதில்லை. 1799 மே 4-ஆம் தேதி திப்பு செத்தார். குடும்பத்தை வேலூர்க் கோட்டையில் கொண்டுவந்து வைத்தார்கள். பீடத்தில் எட்டு வயதுப் பையனாக நிற்கிற முயிசுத்தீன் அங்கே வளர்ந்த ஆளாக இருந்தார். 1806 ஜூலை 9-ஆம் தேதி திப்புவின் மகள் ஒருத்திக்கு அந்தக் கோட்டையில் கல்யாணம். கல்யாணச் சாக்கில் சிப்பாய்கள் கூடினார்கள். பொழுது விடிவதற்குள், பத்தாம் தேதி அதிகாலையில், துப்பாக்கி வெடித்தது. தூங்கிக்கொண்டிருந்த 69-ஆவது ரெஜிமெண்டு வெள்ளைக்காரச் சிப்பாய்களில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டும் செத்தார். திப்புவின் புலிக்கொடி ஏறியது. பிறகு நடந்த விசாரணையில் முயிசுத்தீன் மேலும் சந்தேகம் விழுந்தது. குடும்பத்தையே கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1805 நவம்பரில் வந்த உடை உத்தரவு. நெற்றியில் திருநீறோ நாமமோ கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்கவேண்டும், தோல் வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்டவேண்டும். தொப்பி மாதிரி இருந்த அதைப் போட்டால் கிறிஸ்தவன் ஆக்கிவிடுவான் என்ற பயம். 1806 மே மாதமே வேலூரில் சிலர் அந்தத் தலைப்பாகையைக் கட்டமாட்டோம் என்றார்கள். அவர்களைப் பிடித்து எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? நீங்கள் மூவரும் போய்வந்த அதே புனித ஜார்ஜ் கோட்டைக்குத்தான். அங்கேதான் கசையடித் தண்டனையும் வேலைநீக்கமும் முடிவாயின. இரண்டு ஊர், இரண்டு கோட்டை, ஒரே கதை. வேலூரில் பாதி கிடக்கிறது, சென்னையில் பாதி. இரண்டையும் பார்த்தவனுக்குத்தான் முழுசாகக் கிடைக்கும்.

இப்போது மகனின் கேள்விக்கு வருகிறேன். வேலூரில் நம்ம ஆள் யார்? எழுந்த சிப்பாய்கள் என்று உடனே சொல்லத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் சேதி கேட்டு ஆற்காட்டிலிருந்து குதிரையில் பறந்து வந்தாரே கில்லெஸ்பி என்ற பிரிட்டிஷ் அதிகாரி, அவரோடு வந்தது வெள்ளைக்கார 19-ஆவது டிராகூன் குதிரைப்படை மட்டுமில்லை, மெட்ராஸ் சுதேசிக் குதிரைப்படையின் 7-ஆவது ரெஜிமெண்டும் வந்தது. பீரங்கியால் கதவைத் தகர்த்து உள்ளே புகுந்தவர்களில் நம்மவர்களும் உண்டு. உள்ளே செத்தவர்களிலும் நம்மவர்கள். ஒரு காலையில் முன்னூறுக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் செத்தார்கள். சரணடைந்த ஒரு கூட்டத்தைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். ஆறு பேரைப் பின்னால் பீரங்கி வாயில் கட்டிப் பிளந்தார்கள். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து மதிலேறி திப்புவை வீழ்த்திய கும்பினிப் படையிலும் மெட்ராஸ் சிப்பாய்கள் ஏராளம். ஏழே வருடத்தில் அதே மெட்ராஸ் படையின் சிப்பாய்கள் திப்பு கொடியை ஏற்றுகிறார்கள். இதை ஒரு பதினொரு வயதுப் பையனுக்கு எப்படிச் சொல்வது? குழப்பமாகவே சொல்லிவிடுங்கள். குழந்தைகளுக்குக் குழப்பம் பிடிக்கும். நமக்குத்தான் பிடிக்காது.

இந்தச் சிப்பாய்களில் ஒருவனுக்கும் கோட்டை அருங்காட்சியகத்தில் படம் கிடையாது. பக்கத்திலேயே செயின்ட் மேரீஸ் தேவாலயம், 1680-இல் கட்டி முடித்தது. அதன் சுவர் நிறைய அதிகாரிகளின் நினைவுப் பலகைகள். எந்தச் சண்டையில், எந்தக் காய்ச்சலில், எத்தனை வயதில் போனார்கள் என்று விவரமாக இருக்கும். சிப்பாய்களின் பெயரைத் தேடி இரண்டு முறை அந்தச் சுவரைச் சுற்றிவந்திருக்கிறேன், ஒன்றும் கண்ணில் படவில்லை. பையன் திரும்பத் திரும்பக் கேட்டான் என்றால் அந்த இல்லாமை அவன் கண்ணில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அது படப் பத்து வருடம் ஆனது.

கூண்டைப் பார்த்தீர்களா? குட்டையான ஒரு மரக்கூண்டு. ஒரு ஆள் அதற்குள் நிற்கவும் முடியாது, காலை நீட்டிப் படுக்கவும் முடியாது. ஆன்ஸ்ட்ரூதர் என்ற மெட்ராஸ் பீரங்கிப்படைக் காப்டனை 1840-இல், அபினிப் போரின்போது, சீனர்கள் பிடித்து அதில் அடைத்தார்கள். அவர் தப்பிப் பிழைத்து வந்தார், கூண்டும் வந்தது. அபினி விற்பதற்காக நடந்த சண்டைக்கு மெட்ராஸிலிருந்து படை போனது என்பதை அந்தக் கூண்டைப் பார்த்த பிறகுதான் நான் தேடிப் படித்தேன்.

எம்டன் குண்டின் சில்லு வேறு. உங்கள் மகளிடம், ‘அவன் சரியான எம்டன்’ என்று பாட்டி திட்டியதைக் கேட்டிருக்கிறாயா என்று கேளுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் துறைமுகத்துக்கு எதிரே வந்து பத்து நிமிடம்போலச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஊரே மூட்டை கட்டியது. கப்பல் போய்விட்டது, சொல் நம் வாயில் தங்கிவிட்டது. குண்டு விழுந்ததற்கான கல்வெட்டு உயர்நீதிமன்ற மதிலில் இருக்கிறது, நடந்துபோகிற தூரம்தான். (விடுதலைப் போராளி செண்பகராமன் அந்தக் கப்பலில் வந்தார் என்று யூடியூபில் கட்டாயம் ஒருவர் சொல்வார். அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார்.)

யூடியூப் மேல் எனக்குக் கோபமில்லை. போவதற்கு முன்னால் பார்க்கலாம், வந்தபிறகு பார்த்தால் இன்னும் நல்லது. ஆனால் வீடியோவில் எந்தப் பொருளைப் பார்க்கவேண்டும் என்பதை வேறொருவர் முடிவுசெய்துவிடுகிறார். கேமரா காரன்வாலிஸின் முகத்தில் நின்றால் நீங்களும் முகத்தைத்தான் பார்ப்பீர்கள். குனிந்து பீடத்தைப் பார்க்க ஆள் அங்கே நிற்கவேண்டியிருக்கிறது.

எழுத்து மங்கிய அட்டையைப் பற்றிச் சொன்னீர்கள். அது வருத்தம்தான், அதற்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. தெளிவாக இருக்கிற அட்டையையும் அப்படியே நம்பிவிடாதீர்கள் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். ஒரே சம்பவத்தை ஓரிடத்தில் ‘கலகம்’ என்றும் இன்னோரிடத்தில் ‘புரட்சி’ என்றும் எழுதியிருப்பார்கள். எந்த அட்டையில் எந்தச் சொல் என்று உங்கள் மகள் எண்ணிக்கொண்டு வரட்டும். ஒன்பதாவது படிக்கிறவளுக்கு அது போதுமான வேலை, போன் தானாகப் பைக்குள் போய்விடும்.

அடுத்து எங்கே என்று கேட்டிருந்தீர்கள். பாஞ்சாலங்குறிச்சி என்று சொல்லலாம். ஆனால் அங்கே நீங்கள் பார்க்கப்போகிற கோட்டை 1974-இல் அரசு கட்டியது. பழைய கோட்டையைக் கும்பினி தரைமட்டமாக்கிவிட்டது. மிச்சம், தோண்டி எடுத்த அடித்தளமும், அருகே 1799, 1801 சண்டைகளில் செத்த வெள்ளைக்காரர்களின் கல்லறைகளும்தான். எனக்கு அந்தக் கல்லறைகள் பிடிக்கும், பிள்ளைகளுக்குச் சற்றுப் பொறுத்துக் காட்டலாம். நாகர்கோவில் பக்கம் போனால் உதயகிரிக் கோட்டையில் டிலனாய் சமாதி இருக்கிறது. 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டு, அவருக்கே தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி. 1777-இல் இறந்தார். கல்லில் லத்தீனும் தமிழும் சேர்ந்து இருக்கின்றன. ‘நம்ம ஆள்’ கேள்விக்கு இதைவிடக் குறும்பான பதில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆனால் முதலில் வேலூர். காலை ரயிலில் காட்பாடி போய் இறங்கினால் ஒரே நாளில் திரும்பிவிடலாம். அகழியைச் சுற்றி ஒரு நடை. ஜலகண்டேஸ்வரர் கோயில் மண்டபத்தில் கொஞ்சம் உட்காருங்கள். பிறகு கோட்டைக்குள் இருக்கிற அரசு அருங்காட்சியகம். ஹைதர் மஹால், திப்பு மஹால் என்று சொல்கிற கட்டடங்களை வெளியிலிருந்தாவது காட்டி, பீடத்தில் பார்த்த சின்னப் பையன் இந்தக் கோட்டையில்தான் இருந்தான் என்று சொல்லுங்கள். எல்லாப் பெட்டியையும் பார்க்கவேண்டாம். பசித்தால் கிளம்பிவிடுங்கள்.

புனித ஜார்ஜ் கோட்டைக்கு இன்னொரு தடவை போகவேண்டியிருக்கும், பீடத்துக்காக. இரண்டு இடத்துக்கும் வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், விடுமுறை.