பொழுதுபோக்குக்காக போட்டோ எடிட்டிங் கற்க எங்கிருந்து தொடங்கலாம்?

பணம் கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். போனில் ஸ்னாப்சீட், கணினியில் கிம்ப். இரண்டுமே இலவசம்.

வீடியோக்களை வரிசையாகப் பார்ப்பதைவிட, சொதப்பிய உங்கள் படம் ஒன்றைக் கையில் எடுங்கள். நான் தொடங்கியது, வாசற்படியில் உட்கார்ந்து பூ கட்டும் பாட்டியின் படத்தில். பின்னால் வெயில், முகம் இருட்டு. மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கினேன், தெருவே வெள்ளைத்தாளாகிவிட்டது. அப்புறம்தான் ஸ்னாப்சீடின் ‘செலக்டிவ்’ கண்ணில் பட்டது. முகத்தில் ஒரு புள்ளி வைத்து, இரு விரலால் வட்டத்தைச் சுருக்கி, வலப்பக்கம் இழுத்தால் அந்த இடம் மட்டும் தெளியும். (கொஞ்சமாக இழுங்கள். பாட்டியின் நிறத்தையே மாற்றிவிட வேண்டாம்.) பிலிம் காலத்தில் இருட்டறையில் பிரின்ட் போடும்போது அட்டைத் துண்டால் ஒளியை மறைத்து இதைத்தான் செய்தார்கள். கிம்பில் ஒரு இடத்தை மட்டும் வெளிச்சமாக்கும் கருவிக்கு ‘டாட்ஜ்’ என்ற பெயர் அங்கிருந்து வந்ததே.

கிம்புக்குப் போனதும் முதலில் லேயர் மாஸ்க் பழகுங்கள். லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பட அடுக்கு; அதில் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் திரைதான் மாஸ்க். கருப்பு பூசினால் மறையும், வெள்ளை பூசினால் திரும்பத் தெரியும், சாம்பல் என்றால் பாதி. எரேசரில் அழித்தது போனது போனதுதான். மாஸ்க்கில் எப்போது வேண்டுமானாலும் மனம் மாறலாம். பின்னணி மாற்றுவது, இரண்டு படங்களை ஒட்டுவது எல்லாம் இதன் பிள்ளைகள்தான்.

ஃபில்டர்கள்? ஒரு வாரத்தில் சலித்துவிடும்.

இன்னொன்று: வாட்ஸாப்பில் சாதாரணமாக வந்த படத்தில் பழகாதீர்கள். அது சுருக்கப்பட்டு வருவதால், நிழலைக் கொஞ்சம் தூக்கினாலே கட்டம் கட்டமாகத் தெரியும். கேமராவிலிருந்து வந்த மூலப்படத்தை நகலெடுத்து அதில் விளையாடுங்கள்.