போர்டு லேபில், நாம் வீட்டில்: சீரியல் கன்சோல் கேள்வி பதில்

கேள்வி: லேபில் பீகிள்போன் பிளாக் என்ற சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டர் போர்டு இருக்கிறது. வீட்டிலிருந்து எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியாகப் பாதுகாப்பாக நுழையும் முறை) போட்டால் உள்ளே போக முடிகிறது. அப்புறம் எதற்கு சார் தனியாக சீரியல் ஒயரில் ஒரு கன்சோல் (போர்டின் செய்தியைப் பார்த்து, கட்டளை டைப் செய்யும் வழி)?

பதில்: போர்டு ஒழுங்காக ஓடும்வரை எஸ்எஸ்எச் போதும். கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பாதியில் நின்றுவிட்டால் நெட்வொர்க்கே எழாது. அப்போது என்ன நடந்தது என்று சொல்வது சீரியல் ஒயர் மட்டும்தான். போர்டுக்குப் பக்கத்தில் ராஸ்பெரி பை என்ற இன்னொரு சின்ன கம்ப்யூட்டரை வைத்து, 3.3 வோல்ட் யூஎஸ்பி சீரியல் கேபிளை அதில் செருகுங்கள். மறுமுனை போர்டில் ஜே1 என்று குறித்த பின் வரிசைக்கு: பின் 1 கிரவுண்ட், 4 ஆர்எக்ஸ் (வாங்குவது), 5 டிஎக்ஸ் (அனுப்புவது). கேபிளின் டிஎக்ஸ், போர்டின் ஆர்எக்ஸுக்குப் போக வேண்டும். கேபிளின் பவர் ஒயரை எதிலும் மாட்டாதீர்கள். பிறகு எஸ்எஸ்எச்சில் ராஸ்பெரி பைக்குள் நுழைந்து, டிமக்ஸில் (இணைப்பு அறுந்தாலும் செஷனைக் காக்கும் புரோகிராம்) பிகோகாம் என்ற சீரியல் டெர்மினலை 115200 வேகத்தில் ஓடவிடுங்கள். வீட்டில் நெட் போனாலும் செஷன் அங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: எங்களிடம் நாலு போர்டு. சீரியல் ஒயரை நெட்வொர்க்கில் கொடுக்கும் செர்2நெட் புரோகிராமைப் போட்டு, ரவுட்டரில் நெட்வொர்க் போர்ட் திறந்துவிடலாமா?

பதில்: செர்2நெட் அருமையான தேர்வு. ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு டிசிபி போர்ட் கொடுத்துவிடலாம். ரவுட்டரில் திறப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். மறையாக்கம் இல்லாத வெறும் டெல்நெட்டில் போவதெல்லாம் அப்படியே வெளியே தெரியும். யூ-பூட் (கெர்னலுக்கு முன் ஓடும் பூட்லோடர்) ப்ராம்ப்ட் கைக்குக் கிடைத்தவருக்கு போர்டு முழுவதும் சொந்தம். செர்2நெட்டை லோக்கல்ஹோஸ்டில் (அதாவது பைக்குள்ளிருந்து வரும் இணைப்புகளுக்கு) மட்டும் கேட்க வைத்து, எஸ்எஸ்எச் டனல் வழியாக வாருங்கள்.

கேள்வி: பை ரீபூட் ஆனதும் எந்த போர்டு எந்த யூஎஸ்பி எண் என்பதே மாறிவிடுகிறது அண்ணா.

பதில்: அந்த எண்ணை நம்பாதீர்கள் தம்பி. சீரியல் நம்பர் உள்ள கேபிள் என்றால் லினக்ஸ் அந்த நம்பரை வைத்துத் தரும் பை-ஐடி (by-id) பெயரைப் பயன்படுத்துங்கள். விலை குறைந்த சிஎச்340 சிப் கேபிள்களில் பெரும்பாலும் அது இருக்காது. அப்போது எந்த யூஎஸ்பி சாக்கெட் என்பதை வைத்து வரும் பை-பாத் (by-path) பெயரைப் போட்டு, சாக்கெட் பக்கத்தில் லேபிள் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: மினிகாமில் (பிகோகாம் போன்ற இன்னொரு சீரியல் டெர்மினல்) பூட் செய்தி எல்லாம் வருகிறது, டைப் செய்தால் ஏறவில்லை.

பதில்: மினிகாம் செட்டிங்கில் ஹார்டுவேர் ஃபுளோ கன்ட்ரோலை ஆஃப் செய்யுங்கள். சரியாகவில்லையா, கேபிளின் டிஎக்ஸ் ஒயர் கழன்றிருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: கெர்னல் செய்திகளை நெட்வொர்க்கில் அனுப்பும் நெட்கன்சோல் இருக்கும்போது ஒயர் எதற்கு?

பதில்: கெர்னலின் நெட்கன்சோல் செய்திகளை யூடிபியில் அனுப்பும், அவ்வளவுதான், நீங்கள் எதையும் டைப் செய்ய முடியாது. நெட்வொர்க் டிரைவர் எழுவதற்கு முன்பே போர்டு விழுந்தால் அதுவும் வராது. ஓடும் போர்டில் பானிக் (கெர்னல் செயலிழப்பு) செய்தியைப் பிடிக்க நல்லது, ஒயருக்கு மாற்று இல்லை.

கேள்வி: போர்டு மொத்தமாக உறைந்துவிட்டால்?

பதில்: நெட்வொர்க்கில் ஆன், ஆஃப் செய்யக்கூடிய பிளக் ஒன்று போர்டுக்கு. பைக்கு வேறு பிளக். இரண்டும் ஒன்றிலேயே இருந்தால், ஆஃப் செய்த பிறகு பூட் செய்தியைப் பிடிக்க பை இருக்காது.