காய் பறித்த செடியில் இலையையும் பறிக்கலாமா?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் முள்ளங்கி, பீட்ரூட், கேரட், பூசணி, சர்க்கரைவள்ளி, உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி எல்லாம் இருக்கின்றன. காயும் கிழங்கும் எடுத்தபின் இலைகளைத் தூக்கிப் போட்டுவிடுகிறேன். ‘நன்றாக வேகவைத்தால் எந்த இலையையும் கீரையாகச் சாப்பிடலாம், நெருப்புக்கு முன்னால் விஷம் நிற்காது’ என்கிறார் என் மாமனார். சமைக்கலாமா?

பதில்: உங்கள் பட்டியலில் முதல் ஐந்தையும் தாராளமாகச் சமைக்கலாம். கடைசி மூன்றைக் கீரையாக நினைக்கவே வேண்டாம். மாமனார் சொல்வது சில செடிகளுக்குப் பொருந்தும், சிலவற்றுக்கு ஆபத்தாக முடியும். தாவர நஞ்சுகளில் சூட்டுக்கு அடங்குபவை உண்டு, வேகவைத்த தண்ணீரோடு வெளியேறுபவை உண்டு, எவ்வளவு கொதித்தாலும் அசையாதவையும் உண்டு.

அசையாத ரகத்திலிருந்தே தொடங்குகிறேன். உருளைக்கிழங்குச் செடியின் இலை, தண்டு, பூ, பச்சைக் காய் எல்லாவற்றிலும் சோலனைன், சாக்கோனைன் என்ற நஞ்சுகள் இருக்கின்றன. வெயில் பட்டுப் பச்சையான கிழங்கையும் முளையையும் வெட்டி எறியச் சொல்வது இவற்றுக்காகத்தான். உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் அளவு உள்ளே போனாலே வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, தலைசுற்றல் தொடங்கலாம். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. இந்த நஞ்சு சிதைய அதைவிட மிக அதிகச் சூடு வேண்டும். ஒரு மணி நேரம் வேகவைத்தாலும் இலை குழையுமே தவிர விஷம் போகாது.

கத்தரியும் தக்காளியும் அதே குடும்பம். கத்தரி இலையைத் தவிர்த்துவிடுங்கள், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. தக்காளி இலை கொஞ்சம் வேறு கதை. அதிலுள்ள டொமாட்டின், சோலனைன் அளவுக்குக் கடுமையானதல்ல. குடலில் கொழுப்போடு ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் வெளியேறிவிடும். வாசனைக்காகக் குழம்பில் ஓரிரு இலையைப் போட்டு எடுக்கும் சமையல்காரர்கள் உண்டு, அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. கைப்பிடி கைப்பிடியாகக் கீரை போலச் சமைப்பது வேறு. இதே குடும்பத்தில் மிளகாயின் இளந்தளிரை வேகவைத்து உண்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால், குடும்பப் பெயரை மட்டும் வைத்து எல்லாவற்றுக்கும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் நிச்சயமாகத் தெரியாத இடத்தில் இந்தக் குடும்பத்து இலைகளை விலக்கிவைப்பதே என் பழக்கம்.

இனி உண்ணக்கூடியவை. முள்ளங்கி இலை அருமையானது. மேலே உள்ள சுணை நாக்கில் உறுத்தும், வதக்கினால் அடங்கிவிடும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், டர்னிப் எல்லாம் இதன் உறவுகள். அவற்றின் இலைகளையும் சமைக்கலாம். சர்க்கரைவள்ளியும் உருளையும் மண்ணுக்குள் கிழங்கு விட்டாலும் வேறு வேறு குடும்பங்கள், ஆகவே சர்க்கரைவள்ளிக் கொடியின் தளிருக்குப் பயப்பட வேண்டாம். பட்டாணித் தளிர், வெண்டை இலை, காராமணியின் இளம் இலை, வெங்காயத்தாள், பூண்டுத்தாள் ஆகியவையும் உணவுதான்.

கேரட் இலை விஷம் என்று பலர் சொல்வார்கள். இல்லை. முற்றினால் நார் நாராக இருக்கும், லேசாகக் கசக்கும், அவ்வளவே. அந்தப் பயத்துக்கு ஒரு மூலம் உண்டு: கேரட் குடும்பத்திலேயே ஹெம்லாக் என்ற கொடிய நச்சுச்செடி இருக்கிறது, இலை கிட்டத்தட்ட அதே போல. ஹெம்லாக்கின் தண்டு மழமழப்பாக, ஊதாப் புள்ளிகளோடு இருக்கும். கேரட் காம்பில் ரோமம் இருக்கும். நீங்களே விதை போட்ட பாத்தியில் பறிப்பதில் பிரச்சினை இல்லை. வேலியோரத்தில் தானாக முளைத்ததைப் பறிக்க வேண்டாம்.

பூசணி, சுரை, பீர்க்கு போன்ற கொடிகளின் நுனித்தளிரும் இளம் இலையும் நல்லவை. இங்கே நாக்குதான் காவல். இயல்பாகக் கசக்கக் கூடாத கொடியின் இலையோ காயோ கடுமையாகக் கசந்தால் உடனே துப்பிவிடுங்கள். குக்குர்பிட்டசின் என்ற அந்தக் கசப்பு நஞ்சும் சூட்டுக்கு அடங்காது. 2015இல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த சுக்கினி என்ற பூசணி வகைக் காய் கசப்பாக இருந்தும் அதைச் சமைத்து உண்ட முதியவர் ஒருவர் இறந்துபோனார். பாகல் கசப்பது அதன் இயல்பு, அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

பீட்ரூட் இலையில் இருப்பது ஆக்சாலிக் அமிலம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால் கணிசமான பகுதி தண்ணீரோடு போய்விடும். தயிரோடு சாப்பிட்டால் அதிலுள்ள கால்சியம் மிச்சத்தைக் குடலிலேயே பிடித்துவைக்கும். ஆரோக்கியமானவர்கள் அளவோடு உண்டால் இதற்கெல்லாம் அவசியமில்லை. அளவு மீறிய ஆக்சாலிக் அமிலம் என்ன செய்யும் என்பதற்கு ருபார்ப் செடி சாட்சி. அதன் புளிப்புக் காம்பு உணவு, இலை நஞ்சு. முதல் உலகப் போர்க்காலத் தட்டுப்பாட்டில் பிரிட்டனில் அந்த இலையைக் கீரையாகப் பரிந்துரைத்துவிட்டார்கள். உண்டவர்களில் சிலர் உயிரையே இழந்தார்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் மரவள்ளி இலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், மாமனாரின் வாதம் அங்கே தலைகீழாகிவிடுவதால். அந்த இலையை நசுக்கும்போது அதிலுள்ள நொதி வேலை செய்து ஹைட்ரஜன் சயனைடை வெளிவிடும். அது சுமார் 26 டிகிரியிலேயே ஆவியாகும் பொருள். திறந்த பாத்திரத்தில் நெடுநேரம் கொதித்தால் போய்விடும். நசுக்காமல் முழு இலையாகக் கொதிநீரில் போட்டால் நொதி முதலில் செத்துவிடும், நஞ்சின் மூலப்பொருள் இலைக்குள்ளேயே தங்கிவிடும். ஆகவே இடித்து, மூடாமல் நெடுநேரம் வேகவைத்து, தண்ணீரைக் கொட்ட வேண்டும். சேப்பங்கிழங்கு இலையில் இருப்பவை ஊசி போன்ற படிகங்கள், அரைவேக்காடாக இருந்தால் தொண்டை அரிக்கும்.

செடியின் நஞ்சைவிட நாம் தெளிக்கும் நஞ்சுதான் எனக்கு அதிகக் கவலை. காய்க்கோ கிழங்குக்கோ என்று விற்கும் மருந்தின் லேபிளில் உள்ள காத்திருப்பு நாள்கள் அந்தக் காயை வைத்துக் கணக்கிட்டவை, இலையை உண்பதை வைத்து அல்ல. செடிக்குள் ஊடுருவும் மருந்து அடித்திருந்தால் கழுவினாலும் போகாது. அந்தச் செடியின் இலையை விட்டுவிடுங்கள்.

வீட்டில் யாராவது ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுத்துக்கொண்டால், பச்சை இலைகளிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைக்கும். புதிதாகக் கீரை சேர்க்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நைட்ரேட் மிகுந்த இந்த இலைகளைக் கொடுக்க வேண்டாம். தவறான இலையைத் தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்கவைக்காமல், அந்த இலையையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

உருளை, தக்காளி, கத்தரி இலைகளை ஆடுமாடுகளுக்கும் போடாதீர்கள். கம்போஸ்ட் குழிக்குப் போகலாம், மட்கும்போது அந்த நஞ்சுகள் சிதைந்துவிடும். கருகல் நோய் தாக்கிய செடியாக இருந்தால் மட்டும் குழியில் சேர்க்காமல் தனியே அப்புறப்படுத்துங்கள்.