12 − 4 + 3: விடை ஐந்தா, பதினொன்றா?

கேள்வி: பி.எட். பயிற்சிக்குப் போன பள்ளியில் 12 − 4 + 3 = 5 என்று கரும்பலகையில் போட்டேன். வகுப்பாசிரியர் 11 என்று திருத்தினார். எதை முதலில் செய்வது என்று சொல்லும் பாட்மாஸ் (BODMAS) விதியில் கூட்டலுக்குப் பிறகுதானே கழித்தல் வருகிறது?

பதில்: 11தான் சரி. பாட்மாஸில் எழுத்து ஆறு, ஆனால் படி நான்குதான்: அடைப்புக்குறி, அடுக்கு, வகுத்தலும் பெருக்கலும் சேர்ந்து ஒன்று, கூட்டலும் கழித்தலும் சேர்ந்து ஒன்று. ஒரே படியில் இருப்பவற்றை இடமிருந்து வலமாகச் செய்ய வேண்டும். இதே விதியை அமெரிக்கப் பிள்ளைகள் படிக்கும் பெம்டாஸில் (PEMDAS) பெருக்கல் முன்னால், வகுத்தல் பின்னால். அதனால் அவர்களுக்கு வேறு விடையா வருகிறது? உங்கள் கணக்கில் கழித்தல் குறி 4க்கு மட்டுமே சொந்தம். 5 வர வேண்டுமானால் 12 − (4 + 3) என்று எழுதியிருக்க வேண்டும்.

பாட்மாஸ் என்ற சொல்லோடு பாடத்தைத் தொடங்காதீர்கள். 50 ரூபாய் கொடுத்து 8 ரூபாய் பேனா மூன்று வாங்கினால் மீதி 50 − 3 × 8, அதாவது 26. இடமிருந்து வலமாகவே போனால் 376 ரூபாய் மீதி தர வேண்டும். எந்தக் கடைக்காரர் தருவார்? 3 × 8 என்பது 8 + 8 + 8இன் சுருக்கம், அதனால்தான் அது பிரியாமல் ஒன்றாக நிற்கிறது. இது புரிந்த பிறகு, அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள ஒவ்வொரு + − குறிக்கும் முன்னால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு துண்டையும் தனியே முடித்து, கடைசியில் சேர்க்கட்டும்.

யாருக்கு எங்கே இடறுகிறது என்று அறிய ஒரே கணக்கு போதும்: 18 − 12 ÷ 3 × 2 + 5. சரியான விடை 15. 9 வந்தால் முழுதும் இடமிருந்து வலமாகப் போயிருக்கிறார். 21 என்றால் பெருக்கலை வகுத்தலுக்கு முன் செய்திருக்கிறார். 5 என்றால் உங்கள் பிழையேதான், கூட்டல் முந்திவிட்டது. 11 என்றால் கடைசியாகச் சொன்ன இரண்டு பிழைகளும் சேர்ந்து நடந்திருக்கின்றன. வெறும் 'தப்பு' போட்டுத் திருப்பிக் கொடுத்தால் இவை எதுவும் தெரியாது.

கேள்வி: வாட்ஸப்பில் சுற்றும் 6 ÷ 2(1 + 2) கணக்குக்கு விடை 1ஆ, 9ஆ?

பதில்: குறி இல்லாத பெருக்கலைச் சாதாரணப் பெருக்கலாகவே எடுத்தால் 9, 2(1 + 2) முழுவதும் ஒரே துண்டு என்றால் 1. கால்குலேட்டர்களிலேயே சில 9 காட்டும், சில 1 காட்டும். எழுதிய விதத்தில்தான் கோளாறு. தேர்வுத்தாளில் இப்படிக் கேட்காதீர்கள். பின்னமாக எழுதுங்கள், அல்லது இன்னொரு அடைப்புக்குறி போடுங்கள்.