புல்லைப் பிடுங்கிப் புதுப்பித்த மைதானம்

கேள்வி: 2024 யு.எஸ். ஓபன் கோல்ஃப் போட்டியை ராத்திரி கண்விழித்துப் பார்த்தேன். அமெரிக்காவில் பைன்ஹர்ஸ்ட் என்ற ஊர். நூறு வருஷத்துக்கு மேல் பழைய ரிசார்ட், சமீபத்தில் புதுப்பித்த மைதானம் என்றெல்லாம் பெருமையாகச் சொன்னார்கள். பார்த்தால் ஓரமெல்லாம் மணலும் களையுமாக எங்கள் ஊர் ஏரிக்கரை மாதிரி இருக்கிறது. காசு செலவழித்து இப்படியா புதுப்பிப்பார்கள்?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: களை என்று சொன்னீர்களே, அதில்தான் காசு போயிருக்கிறது. அதற்கு வயர்கிராஸ் என்று பெயர். கம்பி கம்பியாகக் குத்துக் குத்தாக வளரும் அந்தப் பக்கத்துக் காட்டுப்புல். ஏறத்தாழ இரண்டு லட்சம் நாற்றுகளை நட்டார்கள். அதற்கு முன்னால், பச்சைப் பசேலென்று இருந்த பெர்முடா புல்லை முப்பத்தைந்து ஏக்கருக்கும் மேல் சுரண்டி எடுத்து எறிந்தார்கள். பைத்தியக்காரத்தனம் என்று தோன்றுகிறதா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கதையைக் கேளுங்கள்.

வடக்கு கரோலினா மாநிலத்தில் சாண்ட்ஹில்ஸ் என்று ஒரு மணல்காடு. பாஸ்டனில் சோடா இயந்திரம் செய்து விற்ற ஜேம்ஸ் டஃப்ட்ஸ் என்பவர், பைன் மரங்களை வெட்டித் தீர்த்துவிட்டுப் போட்டிருந்த நிலத்தை 1895இல் மலிவாக வாங்கி ரிசார்ட் கட்டினார். 1900இல் ஸ்காட்லாந்தின் டோர்னக் ஊரிலிருந்து வந்த டொனால்ட் ராஸை வேலைக்கு வைத்தார். ராஸ் அமைத்த இரண்டாம் எண் மைதானம் 1907இல் திறந்தது. நீங்கள் டிவியில் பார்த்தது அதுதான். மனுஷன் திறந்து வைத்ததோடு விடவில்லை. மூன்றாவது குழிக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டு, 1948இல் சாகும்வரை அதையே நோண்டிக்கொண்டிருந்தார்.

அவர் போன பிறகு யாரும் கடப்பாரை எடுத்து எதையும் இடிக்கவில்லை. நன்றாகப் பராமரித்தார்கள், அவ்வளவுதான். மணல் கிடந்த இடத்தில் புல் போட்டார்கள். புல் காயாமலிருக்க ஸ்பிரிங்க்ளர் வைத்தார்கள். 1970களில் டஃப்ட்ஸ் குடும்பத்திடமிருந்து கைமாறியபோது வேகம் கூடியது. டிவியில் பச்சையாகத் தெரிந்தால்தான் நல்ல மைதானம் என்று எல்லோரும் நம்பிய காலம். அகலமாக வளைந்து நெளிந்து கிடந்த ஃபேர்வேக்கள், அதாவது பந்து விழ வேண்டிய கட்டையாக வெட்டிய புல்பாதைகள், இருபுறமும் ரஃப் என்ற உயரமான புல் ஏறி ஏறி ஒடுங்கி, நேர்க்கோடாகிவிட்டன.

2009இல் மகள் ராலே நகரத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை அங்கே கூட்டிப்போனாள். காரில் ஒன்றேகால் மணி நேரம். பில்லியர்ட்ஸ் மேஜை விரித்த மாதிரி இருந்தது. மைதானம் என்றால் இதுவல்லவா என்று வாயைப் பிளந்தேன். மறுபடி 2011 கடைசியில் போனால் பாதிப் புல்லைக் காணோம். ஃபேர்வேயை விட்டு இரண்டடி வைத்தால் ஷூ மணலில் புதைகிறது. பைன் ஊசிச் சருகு, காய், நடுநடுவே முள்ளம்பன்றி மாதிரி வயர்கிராஸ். எனக்கு எரிச்சலாக வந்தது.

நின்று ஆட்டத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. என் எதிரிலேயே இரண்டு பேரின் பந்து ஓரத்தில் போய் விழுந்தது. ஒருவருக்குச் சுத்தமான மணல். கட்டையைச் சுழற்றி கிரீன்வரை, அதாவது குழியைச் சுற்றி இருக்கும் வழவழப்பான தரைவரை அடித்துவிட்டார். அடுத்தவருடையது நாலடி தள்ளி வயர்கிராஸ் குத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தார், எழுந்தார், மறுபடி குனிந்தார். கடைசியில் பக்கவாட்டில் தட்டி ஃபேர்வேயில் போட்டார். அடர்ந்த ரஃபாக இருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே விதி: குறுகிய கட்டையை எடு, வெட்டி வெளியே போடு. அதில் யோசிக்க என்ன இருக்கிறது? ராஸ் மணலை விட்டுவைத்தது இந்தக் குனிந்து பார்க்கிற நிமிஷத்துக்காகத்தான் என்பது என் கணக்கு.

இந்தப் புதுப்பிப்பு வேலையைச் செய்தவர்கள் மைதானம் வடிவமைக்கும் பில் கூர், பென் கிரென்ஷா இருவரும். கூர் அந்த மாநிலத்துக்காரர், சிறுவயதில் அங்கே ஆடியவர். கிரென்ஷா, மாஸ்டர்ஸ் என்ற பெரிய கோல்ஃப் போட்டியை இரண்டு முறை ஜெயித்தவர். 2010இல் தொடங்கி 2011இல் முடித்தார்கள். பழைய எல்லையை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1943இல் விமானத்திலிருந்து எடுத்த படங்கள் கிடைத்தன. அதோடு, ஃபேர்வே நடுவில் ஒற்றை வரிசையாக ஓடிய பழைய தண்ணீர்க் குழாய். அந்தக் காலத்தில் குழாயிலிருந்து தண்ணீர் எவ்வளவு தூரம் தெறித்ததோ அதுவரைதான் பச்சை. அதற்கு அப்பால் மெதுவாகப் பழுப்பேறி மணலாகிவிடும். ஆக குழாய் தெரிந்தால் ஃபேர்வேயின் நடு தெரிந்தது, ஓரமும் தெரிந்தது. இப்போதும் அதே முறைதான். 1,150 வாக்கில் இருந்த ஸ்பிரிங்க்ளர் தலைகளை 450 அளவுக்குக் குறைத்தார்கள். தண்ணீர்ச் செலவும் பெரிய அளவில் இறங்கியது. ரஃப் என்பதே கிடையாது. கிரீனுக்கு ஒரு உயரம், மற்றதற்கெல்லாம் ஒரு உயரம் என்று புல் வெட்டுகிறார்கள்.

கேள்வி: பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் வேலையில் இருக்கும் என் மகன், 'அசல் வடிவத்துக்கு மீட்டோம்' என்று யார் சொன்னாலும் நம்பாதே என்கிறான். கோல்ஃப் மைதானத்துக்கும் அது பொருந்துமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: பையனுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல்லுங்கள். முக்கால்வாசி சரி.

பைன்ஹர்ஸ்ட்டையே எடுத்துக்கொள்வோம். அசல் என்றால் எந்த வருஷத்து அசல்? 1907 என்றால் கிரீனில் புல்லே இருக்கக் கூடாது. 1935 வரை அங்கே மணல் கிரீன்கள்தான். நம் பக்கம் எஸ்டேட் கிளப்புகளில் 'பிரவுன்' என்போமே, அந்த ஜாதி. நான் கட்டை பிடிக்கக் கற்றதே அப்படி ஒரு எஸ்டேட் மைதானத்தில். எண்ணெய் கலந்த மணலைச் சாக்கை இழுத்துச் சமன்செய்துவிட்டுத்தான் பந்தைத் தட்ட வேண்டும். 1936இல் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் என்ற பெரிய போட்டி வருகிறது என்று ராஸ்தான் புல் போட்டார். இன்றைக்கு இருக்கும் நான்காவது, ஐந்தாவது குழிகளும் 1935இல் சேர்ந்தவைதான். அவரே இருபத்தெட்டு வருஷம் கழித்துத் தன் அசலை மாற்றியிருக்கிறார். கூரும் கிரென்ஷாவும் கையில் எடுத்தது அதற்குப் பிந்திய மைதானத்தை. 1943இல் விமானம் பறந்த அன்றைக்கு அது எப்படி இருந்ததோ, அப்படி.

அடுத்தது கிரீன்கள். அந்த மைதானத்துக்குப் பேர் வாங்கித் தந்தவையே ஆமை முதுகு மாதிரி மேடிட்டு ஓரங்களில் சரியும் கிரீன்கள்தான். அந்த மேடு முழுவதும் ராஸ் செய்ததா என்பதில் விவரம் தெரிந்தவர்களுக்கே சண்டை. கிரீனைச் சமமாக வைத்திருக்க அவ்வப்போது மெல்லிசாக மணல் தூவுவார்கள். வருஷா வருஷம் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த வீட்டுச் சுவர் நினைவிருக்கிறதா? ஐம்பது வருஷத்தில் ஜன்னல் ஓரத்துப் பூவேலையெல்லாம் மொழுமொழுவென்று ஆகிவிடும். அதேதான். நடுவில் தூவிய மணல் சேர்ந்து சேர்ந்து கிரீன் உயர்ந்திருக்கிறது என்பது ஒரு கட்சி. அதைத்தான் நானும் நம்புகிறேன். போதாததற்கு 1996இல் கிரீன்களைத் திரும்பக் கட்டினார்கள். 2014இல் ஆண்கள், பெண்கள் என்று இரண்டு யு.எஸ். ஓபன் முடிந்த கையோடு, கிரீனில் இருந்த பெண்ட் என்ற வகைப் புல்லை எடுத்துவிட்டு வெயில் தாங்கும் பெர்முடா வகையைப் போட்டார்கள்.

கூரும் கிரென்ஷாவும் கிரீன்களை ஏறக்குறைய தொடவே இல்லை. ஆக ஃபேர்வேக்கு 1940களின் வடிவம். கிரீனுக்கோ எழுபது வருஷம் படிந்த வடிவம். ஒரே மைதானத்தில் இரண்டு காலம். உங்கள் மகன் இதைப் பார்த்தால் சிரிப்பான்.

நான் சிரிக்க மாட்டேன். 2014 யு.எஸ். ஓபனின் பயிற்சி நாள் ஒன்றில் ஒரு கிரீனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆட்டக்காரர் சரிவிலிருந்து பந்தைத் தூக்கிப் போட்டார். மேலே போய் நின்றது. கை தட்டலாமென்று எடுத்தோம். பந்து ஒரு விநாடி யோசித்தது, மெதுவாகத் திரும்பியது, உருண்டு வந்து அவர் காலடியிலேயே நின்றது. அவரே சிரித்துவிட்டார். அந்த வாரம் ஜெயித்த மார்ட்டின் கைமர் இதற்குக் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? கிரீனுக்கு வெளியே கிடந்த பந்தையும் தூக்கி அடிக்காமல், கிரீனில் பந்தை உருட்டுகிற கட்டையான பட்டரால் உருட்டினார். அடுத்தவரைவிட எட்டு ஸ்ட்ரோக் (பந்தை அடிக்கும் தடவை) குறைவாக ஆடி ஜெயித்தார்! சுற்றிலும் ரஃப் இருந்தால் இப்படி உருட்ட முடியாது. பழைய ஃபேர்வேயும் புதிய கிரீனும் சேர்ந்ததால் வந்த ஆட்டம் அது. கலப்படம்தான், ஆனால் ருசியான கலப்படம்.

அடுத்த வாரம் அதே மைதானத்தில் பெண்கள் யு.எஸ். ஓபனை மிஷெல் வீ ஜெயித்தார். அப்படி அடுத்தடுத்த வாரம் ஒரே இடத்தில் இரண்டும் நடந்தது அதுதான் முதல் தடவை.

கேள்வி: அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போகிறோம். பைன்ஹர்ஸ்ட்டில் நம்மை உள்ளே விடுவார்களா?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: தாராளமாக. கிளப் உறுப்பினர் மட்டும் என்ற கதை இல்லை; ரிசார்ட்டில் அறை எடுத்தால் ஆடலாம். என்ன, கட்டணத்தை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் பசி போய்விடும். நான் ஒரு தடவைகூட ஆடியதில்லை, வேடிக்கை பார்த்ததோடு சரி.

பதினெட்டாவது கிரீனுக்குப் பக்கத்தில் பெய்ன் ஸ்டூவர்ட் சிலை இருக்கிறது. 1999 யு.எஸ். ஓபனை அந்த கிரீனில் பதினைந்தடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்டி ஜெயித்தவர். அதே வருஷம் அக்டோபரில் விமான விபத்தில் போய்விட்டார். ஒரு காலைப் பின்னால் நீட்டி முஷ்டியை முன்னால் குத்தியபடி நிற்பார். பக்கத்தில் நின்று அதே மாதிரி படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. நானும் எடுத்தேன், முட்டி வலி ஒரு வாரம். முடித்துவிட்டுக் காரில் ஏறுமுன் ஷூவைக் கழற்றி நன்றாக உதறுங்கள். மகள் காரில் அந்த மணல் தீபாவளிவரை கிடந்தது, பேச்சும் வாங்கினேன்.