வட்டச் செதில்: அயோனிடியெல்லாவா, கிரைசோம்பாலசா?

கேள்வி: எலுமிச்சை இலையிலும் காயிலும் செம்பழுப்பு நிறத்தில் வட்டமான செதில்கள் (செதில் பூச்சிகள்) அப்பியிருக்கின்றன. இது அயோனிடியெல்லா பேரினமா, கிரைசோம்பாலசா? கைலென்ஸை வைத்தே சொல்லிவிடலாமா?

பதில்: ஓரளவு சொல்லலாம். உறுதிப்படுத்த நுண்ணோக்கி வேண்டும்.

இரண்டு பேரினங்களும் கவசச் செதில் வகை, அதாவது உடலுக்கு மேல் தனி மூடி உள்ள செதில் பூச்சிகள். முதலில் அது கவசச் செதில்தானா என்று பாருங்கள். மெல்லிய ஊசியால் விளிம்பை நெம்பினால் மேல்மூடி தனியாகவும், காலில்லாத பூச்சி தனியாகவும் பிரிய வேண்டும். மென்செதில் பூச்சிக்கு முதுகுத்தோலே ஓடு, அதனால் பிரியாது. கவசச் செதில் தேன்பிசுக்கை வெளியேற்றுவதும் இல்லை. ஆனால் இலை பிசுபிசுக்கிறது என்பதற்காக மட்டும் கவசச் செதில் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். அதே செடியில் அசுவினியோ மாவுப்பூச்சியோ இருந்தாலும் பிசுக்கு வரும்.

அடுத்தது, மூடியில் பூச்சி உரித்த பழைய தோல்கள் இருக்கும் இடம். வட்ட மூடியின் நடுவில் இருந்தால் உங்கள் சந்தேகம் சரியான திசையில்தான் போகிறது. சிப்பி போல் நீண்ட மூடியின் குறுகிய முனையில் இருந்தால் அது லெபிடோசாபஸ் என்ற வேறொரு கவசச் செதில் பேரினத்தின் பக்கம். கூட்டத்தில் சற்று நீளமான, சிறிய மூடிகளும் கிடக்கும், அவை ஆண்கள். பேரினம் கண்டறிய முதிர்ந்த பெண்தான் வேண்டும்.

நிறம் நன்றாகவே ஏமாற்றும். அயோனிடியெல்லா ஆரன்டியையின் மூடி ஒளி ஊடுருவுவது. கண்ணில் படும் சிவப்பு பெரும்பாலும் உள்ளே இருக்கும் உடலுடையது. கிரைசோம்பாலஸ் அயோனிடத்தில் மூடியே கருஊதா, நடுப்பகுதி செம்பழுப்பு. அதைத் தூக்கினால் மஞ்சள் உடல் தெரியும். ஆகவே புரட்டிப் பார்க்காமல் நிறத்தை எழுதிவைப்பதில் பயனில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அயோனிடியெல்லா ஆரன்டியை இனம் தோலுரிக்கும்போதும், இனச்சேர்க்கைக்குப் பின் முதிர்ந்த நிலையிலும் உடல் மூடியோடு இறுகிவிடும். மூடி பிரியவில்லை என்று அதை மென்செதில் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அத்தகைய பெண்ணின் உடலைக் கவனியுங்கள்: முன்னுடல் இருபுறமும் பின்னோக்கி வளர்ந்து, வால்தகட்டை (உடலின் பின்முனைத் தகட்டை) அணைத்தபடி சிறுநீரக வடிவில் இருக்கும். அயோனிடியெல்லாவுக்கு இது வலுவான அடையாளம். இளம்பெண்ணில் இந்த வடிவம் வந்திருக்காது. அதனால் ஒரே ஒரு பூச்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், இலை, கிளை, காய் மூன்றிலிருந்தும் பத்துப் பதினைந்தாவது எடுத்து 70% ஆல்கஹாலில் போடுங்கள். வட்டமான துளை விழுந்த மூடி வேண்டாம். ஒட்டுண்ணிக் குளவி வெளியேறிய கூடாக இருக்கும், உள்ளே பார்க்க எதுவும் மிஞ்சியிருக்காது.

ஸ்லைடு செய்ய, உடலின் ஓரத்தில் ஊசியால் ஒரு துளையிட்டு, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அறை வெப்பத்தில் ஓர் இரவு ஊறவிடுங்கள் (கையுறை கட்டாயம்). அவசரப்பட்டுக் கொதிக்கவைத்தால் வால்தகட்டின் ஓரம் சிதையும். உள்ளடக்கத்தை மெதுவாக அழுத்தி வெளியேற்றி, நீரில் கழுவி, ஆசிட் ஃபுக்சின் சாயமேற்றி, ஆல்கஹாலில் நீர் நீக்கி, கிராம்பு எண்ணெய் வழியாகக் கனடா பால்சத்தில் பதியுங்கள். நீர் முழுவதும் போகாவிட்டால் பால்சம் வெண்மையாக மங்கிவிடும். உள்ளடக்கம் மிஞ்சினால் சுரப்பிக் குழாய்கள் தெரியாது.

400 மடங்கில் வால்தகட்டின் ஓரத்தைப் பாருங்கள். இரண்டு பேரினத்திலும் அந்த ஓரத்தில் நன்கு வளர்ந்த மூன்று ஜோடி மடல்கள் (சிறு நீட்சிகள்) உண்டு, எனவே மடல்களை எண்ணிப் பிரிக்க முடியாது. மடல்களின் அடியிலிருந்து உள்நோக்கிச் செல்லும் தடித்த கோடுகள்தான் பேசும். பாராஃபைசிஸ் எனப்படும் அவை அயோனிடியெல்லாவில் குட்டையாகவும் மெலிந்தும் இருக்கும். கிரைசோம்பாலசில் தெளிவாக நீண்டு, சில மடலைவிடவும் நீளும். கிரைசோம்பாலஸ் அயோனிடத்தில் வால்தகட்டுக்கு முந்தைய உடற்கண்டத்தின் ஓரத்தில் சுரப்பிக் குழாய்கள் கொத்தாகவும் இருக்கும். மூன்றாம் மடலுக்கு அப்பால் கதாயுதம் போன்ற தடித்த நீட்சிகள் தெரிந்தால் கிரைசோம்பாலஸ் டிக்டியோஸ்பெர்மி.

அயோனிடியெல்லா என்று உறுதியான பிறகு, பிறப்புத் துளையைச் சுற்றிப் பாருங்கள். அங்கே நுண்துளைக் கூட்டங்கள் இருந்தால் அயோனிடியெல்லா ஓரியன்டாலிஸ் இனமாக இருக்கலாம். ஆரன்டியையில் அவை இருக்காது.